31-லேயே நின்ற தேதி

நவம்பர் 30, ராத்திரி பதினொன்றரை. தாத்தா விட்டுட்டுப் போன சாவி கொடுக்கிற வாட்ச். இன்னும் அரை மணியில அது 31-னு காட்டும். முன்னாடியே 1-க்கு மாத்திடலாம்னு திருகினேன். காலையில பார்த்தா வாட்ச் நிக்குது.

டைட்டன் தொழிற்சாலை இருக்கிற ஓசூர்ல, அதுவும் மூக்கண்டப்பள்ளியில வளர்ந்துட்டு இது தெரியலையான்னு கேட்காதீங்க. என்ன தப்புன்னு தேடினப்போ கிடைச்சவர்தான் ஆப்ரகாம்-லூயி பிரெகே.

1747-ல் சுவிட்சர்லாந்தின் நொயஷாட்டலில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போயிட்டார். அம்மா மறுமணம் செய்தது ஒரு கடிகாரக் குடும்பத்தில். பையனும் தொழில் பழக பிரான்சுக்குப் போனான். 1775-ல் பாரிஸில் சொந்தப் பட்டறை.

மனுஷன் வாட்சை எப்படியெல்லாம் கெடுப்பான்னு யோசிச்சவர் பிரெகே. சாவி கொடுக்க மறப்பானா? நடக்கும்போதே தானாகச் சாவி ஏறும் வாட்சை 1780 வாக்கில் செய்தார். கீழே போடுவானா? பேலன்ஸ் வீலின் மெல்லிய அச்சு முனை உடையாமல் இருக்க, அதைத் தாங்கும் கல்லை ஒரு ஸ்பிரிங்கில் பொருத்தினார். இன்றைய ஷாக் புரூஃப் வாட்சுக்கு அதுதான் ஆரம்பம்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அரண்மனைக்கு வாட்ச் செய்தவர் ஆச்சே, 1793-ல் பட்டறையை விட்டுட்டு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். 1795-ல் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினார். ஹேர்ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை மேலே வளைத்து, அது எல்லாப் பக்கமும் சமமாக விரியும்படி செய்தது அந்தக் காலத்தில்தான். 1801-ல் டூர்பியானுக்குக் காப்புரிமை வாங்கினார்.

இப்போ என் தேதிப் பிரச்சனைக்கு வருவோம். சாதாரண வாட்சில் தேதிச் சக்கரத்துக்கு 31 பல். அதனால வருஷத்துக்கு அஞ்சு தடவை, 31 இல்லாத மாசம் முடியும்போது, நாமதான் கையால் மாத்தணும். மாசக் கணக்கும் லீப் வருஷமும் தெரிஞ்சு தானாகவே மாறும் அமைப்பை வாட்சில் முதலில் வைத்தது பிரெகே இல்லை. இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ். ஆனால் 1783-ல் ராணி மேரி அன்டோய்னெட்டுக்காகக் கேட்கப்பட்ட 160-ம் எண் வாட்சில் பிரெகே அதையும் சேர்த்தார். ராணி 1793-ல் கொல்லப்பட்டார். பிரெகே 1823-ல் இறந்தார். அந்த வாட்ச் முடிந்தது 1827-ல். கேட்டவரும் இல்லை, தொடங்கியவரும் இல்லை. பட்டறை மட்டும் வேலையை விடலை.

என் வாட்ச்? ராத்திரி 9-லிருந்து 3 மணி வரை தேதியைத் தள்ளும் பல் சக்கரத்தோடு பிடிச்சிருக்கும். அப்போ திருகினா பல் போயிடும். முள்ளை முன்பக்கமா சுத்தி, தேதி மாறினதும் காலை 6-க்குக் கொண்டு வந்துட்டு, அப்புறம்தான் தேதியைத் தொடணும். ரிப்பேர்க்கார அண்ணன் உடைஞ்ச துண்டை எடுத்துட்டார். வாட்ச் ஓடுது. தேதி மட்டும் 31-லேயே நிக்குது. பார்க்கும்போதெல்லாம் தாத்தா முறைக்கிற மாதிரியே இருக்கு.