தோல்வியிலும் நீதி தவறாத அமீர் அப்துல் காதிர் (ரஹ்)



ஓர் அந்நிய வல்லரசு ஒரு நாட்டை எப்படி விழுங்குகிறது? விழுங்கப்பட்ட மக்கள், தங்கள் கையில் இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் விடை கிடைக்கிறது. அவர்தான் அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

அவர்கள் 1808-ஆம் ஆண்டு, மேற்கு அல்ஜீரியாவில் மஸ்கரா நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். தந்தை முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் ஷைகு. நம் ஊர்களில் மௌலிது ஓதி நினைவுகூரப்படும் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வழியில் வந்த அதே தரீக்காதான் அது. மகனுக்கு அந்தப் பெயர் அமைந்ததும் அதனால்தான்.

சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார்கள். மார்க்கக் கல்வியோடு குதிரையேற்றத்திலும் தேர்ச்சி பெற்றார்கள். பின்னர் தந்தையுடன் ஹஜ் பயணம் சென்று, டமாஸ்கஸ், பக்தாத் நகரங்களையும் கண்டு திரும்பினார்கள். ஆலிமாக வாழ்ந்து, மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து மறைய வேண்டியவர்கள்தான். காலம் அவர்களை வேறு இடத்தில் நிறுத்தியது.

கடனில் தொடங்கிய படையெடுப்பு

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், தன் படைகளுக்கும் மக்களுக்கும் அல்ஜீரியக் கோதுமையை பிரான்ஸ் கடனுக்கு வாங்கியது. பல ஆண்டுகள் கடந்தும் பணம் வந்து சேரவில்லை. 1827-ல் அல்ஜியர்ஸ் நகரை ஆண்ட ஹுசைன் தே, இது பற்றி பிரெஞ்சுத் தூதரிடம் கேட்டார். வாக்குவாதம் முற்றியது. ஹுசைன் தே தம் கையிலிருந்த விசிறியால் தூதரை அடித்துவிட்டார். அதையே பெரும் அவமானமாக்கி பிரான்ஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டது. 1830 ஜூன் மாதம் படையை இறக்கியது. ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் வீழ்ந்தது.

கவனியுங்கள், கடன் கொடுத்தவர் அல்ஜீரியர், வாங்கியவர் பிரெஞ்சுக்காரர். கடைசியில் நாட்டை இழந்தவரோ கடன் கொடுத்தவர்!

உண்மையில், பத்தாம் சார்ல்ஸ் மன்னர் சொந்த நாட்டில் செல்வாக்கை இழந்து கொண்டிருந்தார். ஒரு வெற்றி அவருக்குத் தேவைப்பட்டது. அல்ஜியர்ஸ் விழுந்து ஒரு மாதத்துக்குள் அவருடைய அரியணையே பறிபோனது. ஆனால் அவர் அனுப்பிய படை திரும்பிப் போகவில்லை.

சரணடைந்தபோது மதமும் சொத்தும் மதிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த மை காய்வதற்குள் வக்ஃப் சொத்துகள் கைப்பற்றப்பட்டன. அந்த வருமானத்தில் நடந்த மதரஸாக்கள் நலிந்தன. அல்ஜியர்ஸ் நகரின் கெச்சாவா பள்ளிவாசல் 1832-ல் தேவாலயமாக மாற்றப்பட்டது. ஒரு சமூகத்தின் கல்வி எப்படிப் பின்தங்கிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

அமீர் உருவாக்கிய அரசு

1832 நவம்பரில் மேற்குப் பகுதிக் கோத்திரங்கள் கூடி, 24 வயது இளைஞரான அப்துல் காதிர் அவர்களிடம் பைஅத் செய்தன. அவர்கள் வெறும் போர்த் தலைவராக நின்றுவிடவில்லை. நாட்டை மாகாணங்களாகப் பிரித்து, கலீஃபாக்களை நியமித்தார்கள். சம்பளம் பெறும் நிரந்தரப் படையை அமைத்தார்கள். தாக்தம்த் நகரில் நாணயம் அச்சிட்டார்கள், ஆயுதப் பட்டறை நிறுவினார்கள், நூல்களைச் சேகரித்தார்கள்.

பிரான்ஸ் அவர்களோடு 1834-லும் 1837-லும் உடன்படிக்கை செய்தது. இரண்டாவதான தஃப்னா உடன்படிக்கை, நாட்டின் பெரும்பகுதியில் அமீரின் ஆட்சியை ஏற்றது. ஆனால் அதன் அரபுப் பிரதியும் பிரெஞ்சுப் பிரதியும் ஒன்றாக இல்லை. பிரான்ஸின் மேலாண்மையை அமீர் ஒப்புக்கொள்வதாகப் பிரெஞ்சுப் பிரதியில் இருந்தது. அரபுப் பிரதியில் அந்தப் பொருள் இல்லை. 1839-ல் பிரெஞ்சுப் படை, அமீர் தமக்குரியதாகக் கருதிய பகுதி வழியாக அணிவகுத்துச் சென்றபோது போர் மீண்டும் மூண்டது.

எரிக்கப்பட்ட நாடு

தளபதி புஜோ ஆளுநராக வந்தார். அவருடைய போர் முறை, வீரர்களோடு நின்றுவிடவில்லை. வயல்கள் எரிக்கப்பட்டன, தானியக் குழிகள் காலியாக்கப்பட்டன, மந்தைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1845-ல் தஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்திருந்த ஒரு கோத்திரத்தாரை, வாசலில் தீ மூட்டிப் புகையால் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர்.

அமீர் அவர்கள் என்ன செய்தார்கள்? பிடிபட்ட பிரெஞ்சு வீரர்களைத் துன்புறுத்தக் கூடாதென்று ஆணையிட்டார்கள். அவர்கள் தங்கள் மத வழிபாட்டைச் செய்யப் பாதிரியார் வருவதற்கும் இசைந்தார்கள். எதிரியின் கொடுமையைத் தமக்கு முன்மாதிரியாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

1843-ல் அவர்களுடைய நடமாடும் தலைநகரமான கூடார நகரம் பறிபோனது. அண்டை நாடான மொராக்கோவில் அடைக்கலம் தேடினார்கள். உடனே பிரெஞ்சுக் கப்பல்கள் தாஞ்சியர் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. 1844-ல் இஸ்லி போரில் மொராக்கோ தோற்றது. அதன்பின் செய்த உடன்படிக்கையில், அமீரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்க மொராக்கோ சுல்தான் சம்மதித்தார். ஒரு முஸ்லிம் அரசை மிரட்டி, இன்னொரு முஸ்லிம் தலைவருக்கு எதிராக நிறுத்த வல்லரசுக்கு மூன்று மாதம்கூடத் தேவைப்படவில்லை.

இரு பக்கமும் அடைபட்ட நிலையில், 1847 டிசம்பரில் அமீர் சரணடைந்தார்கள். கிழக்கே ஒரு முஸ்லிம் நாட்டுக்குப் போகலாம் என்று வாக்குறுதி தரப்பட்டது. அதுவும் மீறப்பட்டது. குடும்பத்தோடும் தோழர்களோடும் பிரான்ஸில் ஐந்தாண்டுகள் சிறை வைக்கப்பட்டார்கள். அவர்களோடு இருந்தவர்களில் பலர் அம்புவாஸ் கோட்டையிலேயே மரணித்து அங்கேயே அடக்கப்பட்டார்கள்.

டமாஸ்கஸ், 1860

1852-ல் விடுதலை கிடைத்தது. துருக்கியின் பூர்ஸா நகரில் சிறிது காலம் இருந்து, 1855-ல் டமாஸ்கஸில் குடியேறினார்கள். பிரெஞ்சு அரசு தந்த உதவித்தொகையில் வாழ்ந்தார்கள். அதைக் குறை சொல்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அந்த நேரத்தில் ஷாம் தேசத்தில் வல்லரசுகளின் போட்டி உச்சத்தில் இருந்தது. மரோனியக் கிறிஸ்தவர்களுக்குப் பின்னால் பிரான்ஸ் நின்றது, துரூஸ் மக்களுக்குப் பின்னால் பிரிட்டன் நின்றது. ஐரோப்பியத் துணி சந்தையில் குவிந்து உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுத்தது. தூதரகங்களின் பாதுகாப்பைப் பெற்ற சிலர் செழிப்பதைப் பார்த்து மற்றவர்கள் மனம் புழுங்கினார்கள். 1860 ஜூலையில் டமாஸ்கஸ் கிறிஸ்தவர்கள் மீது அந்தக் கோபம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

சகோதரர்களே, பிரான்ஸ் மீது கோபம் கொள்ள அந்த ஊரில் அமீரைவிட உரிமை உள்ளவர் யார்? நாட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். சிறையில் உற்றாரைப் புதைத்தவர்கள் அவர்கள். ஆயினும் தம் அல்ஜீரியத் தோழர்களோடு வீதியில் இறங்கி, கிறிஸ்தவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து வந்தார்கள். இல்லம் நிறைந்தபின் கோட்டைக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுத் தூதரகத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அடைக்கலம் தந்தார்கள். வாசலுக்கு வந்த கும்பலைத் தாமே எதிர்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். இப்படி ஆயிரக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டன. ரஷ்யாவில் கைதியாக இருந்த காகசஸ் வீரர் இமாம் ஷாமில் (ரஹ்) அவர்கள், இதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

கலவரக்காரர்கள் சாதித்தது என்ன? பிரான்ஸ் அந்தக் கொலைகளையே காரணம் காட்டி பெய்ரூட்டில் படையை இறக்கியது. 1861-ல் லெபனான் மலைப்பகுதிக்கு, வல்லரசுகளின் உத்தரவாதத்தோடு தனி நிர்வாகம் ஏற்பட்டது. அந்நியனை எதிர்ப்பதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரனைத் தாக்கினார்கள். அந்நியனுக்குக் கதவைத் திறந்து விட்டதுதான் மிச்சம்!

நாம் பெறவேண்டிய படிப்பினை

1883 மே மாதம் டமாஸ்கஸில் அமீர் அவர்கள் வஃபாத்தானார்கள். இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அருகில் அடக்கப்பட்டார்கள். 132 ஆண்டு அந்நிய ஆட்சிக்குப் பின் 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. கெச்சாவா மீண்டும் பள்ளிவாசலானது. 1966-ல் அமீரின் உடல் எச்சங்களும் தாயகம் திரும்பின.

வல்லரசு நமக்குள் இருக்கும் விரிசல் வழியாகத்தான் நுழைகிறது. பலமானவன் மீதுள்ள கோபத்தை அருகிலிருக்கும் பலவீனமானவன் மீது கொட்டும்போது அந்த விரிசல் இன்னும் அகலமாகிறது. ஆகவே ஓர் அநீதியைக் கேள்விப்பட்டுக் கொதிக்கும்போது, அதைச் செய்தவன் யார், நம் முன்னால் நிற்பவன் யார் என்று பிரித்துப் பாருங்கள். அமீர் அவர்கள் அந்த வேறுபாட்டை மறக்கவில்லை.

எந்த நிலையிலும் நீதி தவறாத மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! அநீதிக்கு ஆளானவர்களின் துயரைப் போக்குவானாக! ஆமீன்.