மைலேஜ் கூட்டும் கருவிகளை நம்பலாமா? பெட்ரோல் இல்லாத காலத்தில் வண்டி ஓட வழி செய்த டிவிஎஸ் நிறுவனரின் கதை

போடிநாயக்கனூரிலிருந்து சூரியநெல்லிக்குப் போகும் வழியில், போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வீக்கெண்டில் கிளம்பும் கார்கள் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறும். டேஷ்போர்டில் மைலேஜ் எண் சரிந்துகொண்டே போகும். சூரியநெல்லிக்கு மேல் ஜீப் மட்டும்தான் போகும் என்பதால் காரை அங்கேயே விட்டுவிட வேண்டும். ராத்திரி ரூமில் ஃபோனைத் திறந்தால் விளம்பரம் வந்து நிற்கும்: ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் இதைச் செருகுங்கள், 15% பெட்ரோல் மிச்சம். காந்தம் வைத்த கிளிப், டேங்கில் போடும் மாத்திரை, காற்றைச் சுழற்றிவிடும் தகட்டு விசிறி என்று இன்னும் பல வகை உண்டு. விலை சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை. வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இதே மலைக்குக் கீழே மதுரையில் வாழ்ந்த ஒருவரின் கதை உதவும். வண்டியில் தனியாக மாட்டக்கூடிய, பெட்ரோலை நிஜமாகவே மிச்சம் பிடித்த கருவி ஒன்றை அவர் தயாரித்தார். இன்றைக்கு பைக்கிலும் ஸ்கூட்டரிலும் நாம் பார்க்கிற டிவிஎஸ் என்ற மூன்றெழுத்து அவருடைய பெயர்தான்: டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

ரயில்வே வேலையை விட்டவர்

1877 மார்ச் 22 அன்று, திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். வக்கீலாகத் தொடங்கி, ரயில்வேயில் வேலை பார்த்து, பிறகு வங்கிக்குப் போனார். அந்தக் காலத்துக் குடும்பங்கள் கனவு கண்ட உத்தியோகங்கள் இவை. அதையெல்லாம் உதறிவிட்டு 1911-ல் சொந்தத் தொழில் தொடங்கினார். அடுத்த ஆண்டே மதுரையில் பஸ் விட்டார். இன்றைய பாஷையில் சொன்னால், 34 வயதில் பெர்மனன்ட் வேலையை விட்டுவிட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பித்திருக்கிறார்.

பஸ் தொழிலில் டிக்கெட் விற்பது சுலபம். வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பதுதான் கஷ்டம். மண் ரோடு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய உதிரி பாகம், அடிக்கடி பஞ்சராகும் டயர். ஐயங்கார் பெயர் வாங்கியது இந்த இடத்தில்தான். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்து மதுரைப் பக்கத்து மக்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்ற பேச்சு இன்றைக்கும் உண்டு. கொஞ்சம் மிகைதான் என்றாலும், அப்படி ஒரு பேச்சு கிளம்ப வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். பஸ்ஸும் லாரியும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பெருகின. கார் விற்பனை, உதிரி பாக விற்பனை என்று தொழில் கிளைவிட்டது. ஐந்து மகன்களும் தொழிலுக்கு வந்தார்கள். மகள் சௌந்தரம் வேறு பாதையில் போனார். மருத்துவம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, பிற்பாடு கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவினார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

பெட்ரோல் நின்றபோது

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழ, பர்மா எண்ணெயும் நின்றுபோனது. அஸ்ஸாமின் டிக்பாய் எண்ணெயை மட்டும் வைத்து ராணுவத்தையும் பஸ்களையும் சேர்த்து ஓட்ட முடியாது. சென்னை மாகாணத்தில் பஸ் முதலாளிகளுக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது: வண்டியை ஷெட்டில் நிறுத்துவது, இல்லாவிட்டால் வேறு எரிபொருள் தேடுவது.

அப்போது ஐயங்கார் தயாரித்துக் கொடுத்ததுதான் டிவிஎஸ் கேஸ் பிளான்ட். பழைய ஆட்கள் கரி பஸ் என்று சொல்வது இந்த மாதிரிக் கருவி பொருத்திய பஸ்ஸைத்தான்.

கரிவாயுக் கருவி வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு இரும்புப் பீப்பாயில் அடுப்புக் கரியைப் போட்டு, போதுமான காற்று கிடைக்காதபடி எரிக்க வேண்டும். முழுக்க எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, பெட்ரோல் ஆவிக்குப் பதிலாக இன்ஜினுக்குள் விட்டால் வண்டி ஓடும். இது இங்கே மட்டும் நடந்ததல்ல. போர்க்காலத்தில் சுவீடனில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின.

பெட்ரோல் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. கரிவாயுவில் பாதியளவு, எரியவே எரியாத நைட்ரஜன். அதனால் இன்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். மேட்டில் ஏற முடியாமல் பஸ் திணறும். காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதிவிட வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஒன்றரை கிலோ அளவுக்குக் கரி வேண்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாவிட்டால் இன்ஜின் உள்ளே தேய்ந்துபோகும். வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வர ஆரம்பித்ததும் கரிப் பீப்பாய்களை எல்லோரும் கழற்றிப் போட்டதில் ஆச்சரியமே இல்லை.

இன்றைய கருவியில் என்ன இருக்கிறது?

கரிப் பீப்பாயில் மிச்சம் எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன இழக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய ஓபிடி கருவிகளில் அது தெரிவதில்லை. இவற்றில் பலவற்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது மின்னும் எல்இடியையும் அதை மின்ன வைக்கும் சின்ன சர்க்யூட்டையும்தான்.

காந்தமும் மாத்திரையும் பெட்ரோலை இன்னும் நன்றாக எரிய வைக்கும் என்கிறார்கள். ஆனால் நல்ல நிலையில் இருக்கிற இன்றைய இன்ஜின் உள்ளே வரும் எரிபொருளில் ஏறக்குறைய முழுவதையும் எரித்துவிடுகிறது. எரியாமல் வீணாவது மிகச் சொற்பம். பெரிய நஷ்டம் எல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகிற சூடுதான். அதைப் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் எப்படிப் பிடித்து வைக்கும்?

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. பலன் தந்தவை வெகு சில, அதுவும் கொஞ்சமாக. அந்தச் சிலவற்றிலும் சில புகையைக் கூட்டின. இந்தியாவிலும் 2017 முதல் கார் கம்பெனிகளுக்கு சராசரி எரிபொருள் செலவில் அரசு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூட்ட அவர்கள் கோடிகளைக் கொட்டுகிறார்கள். ஆயிரம் ரூபாயில் 15% கிடைக்கும் என்றால் ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்திருப்பார்களே!

மாட்டின பிறகு மைலேஜ் கூடியதாகச் சொல்கிற நண்பர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. காசு கொடுத்து வாங்கியபின் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மெதுவாக மிதிக்கிறோம். எண்ணும் கூடுகிறது.

கரி பீப்பாய்க்கு இன்றைக்கு வாரிசு என்று சிஎன்ஜி கிட்டைச் சொல்லலாம். அதிலும் டிக்கியில் இடம் போகும், இழுவை குறையும், ஆர்டிஓ-விடம் போய் ஆர்சியில் பதிய வேண்டும். தினமும் நிறைய ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு சரியாக வரும். மாதத்தில் ஒரு தடவை ஊருக்குப் போகிறவர்களுக்கு வராது.

டயர்

கேஸ் பிளான்ட் மறைந்தாலும், ஐயங்காரின் இன்னொரு முயற்சி நிலைத்தது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலை. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விநியோகஸ்தராக அவருடைய நிறுவனம் வளர்ந்திருந்தது. 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில், 78 வயதில் காலமானார். 1972-ல் மதுரை வட்டாரத்து டிவிஎஸ் பஸ்களை அரசு எடுத்துக்கொள்ள, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது.

உங்கள் காரிலும் காசு மிச்சமாவது டயரில்தான். நான்கு டயரிலும் காற்று 5 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 1% குறையும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் சரி செய்யச் செலவே இல்லை. மலை ஏற்றத்தில் மட்டும் எந்த வித்தையும் நடக்காது. ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள காரை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கவே கிட்டத்தட்ட ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பெட்ரோல் எரிந்தாக வேண்டும்.

சூரியநெல்லியிலிருந்து திரும்பும்போது போடிமெட்டு இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய கார்களில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் வரத்து தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை அணையாமல் வைத்திருக்கப் பெட்ரோல் போகும், 17 வளைவுக்கும் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியும் வரும்.