2 டன் உருக்குக் கட்டி: லண்டனை வியக்க வைத்த குருப்

1851-ம் ஆண்டு. லண்டன் நகரில் மாபெரும் உலகக் கண்காட்சி. "பளிங்கு மாளிகை" என்று பெயர் பெற்ற கண்ணாடிக் கட்டிடத்தில் பல நாட்டுப் பொருள்களும் குவிந்திருந்தன.

அவற்றின் நடுவே ஓர் உருக்குக் கட்டி. பட்டும் இல்லை, பவளமும் இல்லை, வெறும் கட்டிதான். ஆனால் அதன் எடை சுமார் 2 டன்! உருக்குத் தொழிலில் புகழ் பெற்ற இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தார் வைத்திருந்த கட்டி, அதைவிட மிகச் சிறியது. அவர்கள் திகைத்துப் போனார்கள்.

அனுப்பியவர் ஆல்பிரட் குருப். ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள எஸ்ஸன் ஊர்க்காரர். 1812-ல் பிறந்தவர்.

அவருடைய தந்தை பிரீடரிக், இங்கிலாந்துக்காரர்கள் இரகசியமாக வைத்திருந்த வார்ப்பு உருக்கைத் தானும் செய்ய ஆசைப்பட்டார். சொத்தெல்லாம் உலையில் போயிற்று. கடன் மிஞ்சியது. பெரிய வீட்டை விட்டு, பட்டறை ஓரத்துச் சிறு வீட்டில் குடியேறினார். 1826-ல் இறந்தார்.

அப்போது ஆல்பிரடுக்கு வயது 14. படிப்பை விட்டான். பட்டறைக்குள் நுழைந்தான். ஆட்கள் பத்துப் பேர்கூட இல்லை. பிறகு ஆல்பிரட் இங்கிலாந்துக்கே போய், பெயரை மாற்றிக்கொண்டு தொழிற்சாலைகளைப் பார்த்து வந்தார். 1848-ல் கூலி கொடுக்கப் பணமில்லை. வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் கொடுத்தார்!

மூன்றே ஆண்டுகளில் இந்தக் கட்டி. அதை வார்ப்பது லேசான வேலையா? உருக்கைச் சிறுசிறு மண் மூசைகளில்தான் உருக்க முடியும். ஏறக்குறைய நூறு மூசைகளை ஆட்கள் தூக்கி வந்து, இடைவிடாமல் அச்சில் ஊற்ற வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் கட்டி கெட்டுவிடும். அந்த ஒழுங்குக்குத்தான் கண்காட்சியின் மிக உயர்ந்த பதக்கம் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

கட்டியோடு ஓர் உருக்குப் பீரங்கியும் வந்திருந்தது. பார்த்தார்கள், வாங்க ஆள் இல்லை. ஒட்டில்லாத ரயில் சக்கரப் பட்டைகள்தான் குருப்புக்குச் செல்வம் சேர்த்தன. பீரங்கிக்குப் பெரிய கிராக்கி வந்தது 1859-ல், பிரஷ்ய அரசிடமிருந்து.

1867-ல் பாரிஸ் கண்காட்சிக்கு 50 டன் பீரங்கியை அனுப்பினார். பாரிஸ் மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான்கே ஆண்டுகள். 1871 ஜனவரியில் குருப்பின் பீரங்கிகள் அதே பாரிஸ் மீது குண்டு பொழிந்தன.

1887-ல் குருப் காலமானபோது அவரிடம் சுமார் 20,000 பேர் வேலை செய்தார்கள். சுற்றிலும் ஆலைகள் எழுந்தபோதும், தந்தை இறந்த அந்தச் சிறு வீட்டை மட்டும் அவர் இடிக்கவிடவில்லை.