குர்பானித் தோலும் ஜி.என். ராமச்சந்திரனும்

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுத்த பின் ஆட்டுத் தோலை மதரஸாவுக்கு அனுப்பி வைக்கிறோம். அது பெரியமேட்டு மண்டிக்குப் போய், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் பதனிடப்பட்டு, செருப்பாகவும் பையாகவும் ஆகிறது. இறைச்சி ஒரு நாளில் கெட்டுவிடும். பதனிட்ட தோலோ ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அதற்கு அடிப்படை, தோலில் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம்.

மிட்டாயிலும் மாத்திரை உறையிலும் சேரும் ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து வந்தது, ஹலாலா என்று நம் வீடுகளில் கேட்கிறோம். அந்த ஜெலட்டினும் கொலாஜனிலிருந்து எடுப்பதுதான். நம் தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கி நிற்பதும் இதுவே. நம் உடலில் உள்ள புரதங்களில் மிக அதிகமாக இருப்பதும் இதுதான்.

இந்தக் கொலாஜனின் வடிவம் மூன்று இழைகளின் முறுக்கு என்று உலகுக்குச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் பயனுள்ள கல்வி யாரிடம் இருந்தாலும் அதைத் தேடிச் செல்வது நம் முன்னோரின் வழக்கம். பக்தாதில் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

இளமையும் கல்வியும்

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சர் சி.வி. ராமன் அவரை இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வை முடித்து, 1949-இல் நாடு திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், புதிய இயற்பியல் துறைக்குத் தலைவராக அவரை அழைத்து வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

தோலுக்குள் ஒரு கயிறு

அதே காலத்தில் சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைப் படம் எடுத்து, அதிலிருந்து உள்வடிவத்தைக் கணக்கிட்டார். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா.

1954-இல் நேச்சர் இதழில் அவர்களின் முடிவு வெளிவந்தது. மறு ஆண்டில் அதையே மேலும் திருத்தி வெளியிட்டார்கள். மூன்று புரிகளைத் திரித்துக் கயிறு செய்வது நமக்குத் தெரியும். கொலாஜனும் அப்படி மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு. ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஒரு கண்ணி கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். முறுக்கின் நடுவே உள்ள நெருக்கத்தில் அது ஒன்றுதான் அடங்கும். வேகவைத்தால் இந்த முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்ததுதான் ஜெலட்டின்.

விமர்சனத்துக்கு அவர் தந்த பதில்

உடனே எதிர்ப்பு வந்தது. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் அந்த வடிவத்தில் குறை கண்டார்கள். சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார்கள். மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை நிலைத்தது. ஆனால் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் விமர்சகர்கள் சொன்னதே பின்னாளில் சரியானது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. ராமச்சந்திரன் சண்டைக்கு நிற்கவில்லை, சோர்ந்தும் போகவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே அடுத்த ஆய்வாக்கிக்கொண்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளை எல்லாம் அலசி, அணுக்களுக்கு இடையே அமையக்கூடிய மிகக் குறைந்த தூரங்களைத் திரட்டினார்.

புரதம் ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் திருப்பம் உண்டு. அந்த இரண்டு கோணங்களையும் விருப்பம்போல் திருப்ப முடியாது. திருப்பினால் அணுக்கள் மோதிக்கொள்ளும். எந்தக் கோணங்கள் ஆகும், எவை ஆகாது என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டு, 1963-இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். பெரும்பகுதி ஆகாது என்றும், சில திட்டுகள் மட்டுமே ஆகும் என்றும் அது காட்டியது. ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் அதை அழைக்கிறார்கள். இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தவர்கள், அது சரியா என்று இந்தப் படத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். குறை சொன்னவர்களால்தான் இந்த நிறைவு பிறந்தது.

நம் மரபிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. தாலமியின் நூல்களில் ஐயம் எழுப்பித் தனி நூல் எழுதினார் இப்னுல் ஹைதம். கேலனின் கருத்தை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இதயத்தின் மறுபக்கம் சேர்கிறது என்றார் இப்னுந் நஃபீஸ். பெரியவர் சொன்னதையும் ஆராயலாம், நாம் சொன்னதையும் பிறர் ஆராய விடலாம் என்பதே அவர்கள் காட்டிய அதபு.

பிற்காலம்

1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கணித முறை, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் படத்தைத் திரும்பக் கட்ட உதவுகிறது. சி.டி. ஸ்கேன் கருவிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது அந்த வழிமுறை. 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. பார்க்கின்சன் நோயும் மனைவியின் மறைவும் இறுதி ஆண்டுகளைக் கடினமாக்கின. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

காட்டுப்பள்ளியிலும் மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. எதைப் படித்தால் உடனே வேலை என்றே பெற்றோர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறல்ல, பிழைப்பு அவசியம். ஆனால் நூறு பிள்ளைகளில் ஒருவராவது தோல் ஏன் கெடாமல் இருக்கிறது என்று கேட்பார். அந்தப் பிள்ளையை இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் அனுப்ப ஜமாஅத்தின் கல்வி உதவியில் ஒரு பங்கு ஒதுக்குவோம். தான் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்று பார்க்குமாறு மனிதனைத் திருமறை அழைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பார்ப்பதும் அந்தப் பார்வையில் சேரும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், திருத்தத்தை ஏற்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.