ராபர்ட் கிளைவுக்கு இருந்தது பைபோலாரா? சமயபுரம் முதல் லண்டன் வரை ஒரு வாழ்க்கை

ராபர்ட் கிளைவ் என்றாலே ஆற்காடு முற்றுகை, பிளாசி போர், வங்காளத்தில் அள்ளிய பணம் இவைதான் ஞாபகத்துக்கு வரும். அவரது வாழ்க்கை முழுக்க விட்டுவிட்டு வந்த மனச்சோர்வு பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருக்கு இருந்தது ‘பைபோலார் டிஸார்டர்’ எனும் இருமுனை மனநோயாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சந்தேகிக்கிறார்கள்.

18 வயதில் மெட்ராஸ்

1725-ல் இங்கிலாந்தில் பிறந்த கிளைவ், 1744-ல் கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராக மெட்ராஸ் வந்து இறங்கினார். கணக்கு எழுதும் வேலை, கையில் காசு இல்லை, பேச ஆள் இல்லை. அந்தக் காலத்தில் அவர் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லப்படுகிறது. பைபோலார் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவது பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும்தான்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்ததும், மாறுவேடத்தில் கடலூர் புனித டேவிட் கோட்டைக்குத் தப்பினார். அங்கே சிப்பாய் ஆனார், ஆளே மாறிப்போனார். ஆனால் 1750 வாக்கில் மறுபடி நரம்புத் தளர்ச்சி. ஓய்வுக்காக வங்காளம் அனுப்பப்பட்டார்.

திருச்சியில் கிளைவ்

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழ். திருச்சிக் கோட்டையில் சிக்கியிருந்த முகமது அலியைக் காப்பாற்ற, எதிரியின் கவனத்தைத் திருப்பும் திட்டத்தோடு, சுமார் 500 பேருடன் ஆற்காட்டைப் பிடித்தார். 50 நாள் முற்றுகையையும் தாங்கினார். அப்போது அவருக்கு வயது 26-தான்.

1752-ல் சண்டை திருச்சிக்கே வந்தது. இன்று மன்னார்புரத்திலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போனால் காவிரி, கொள்ளிடம் தாண்டி சமயபுரம் வரும். அங்கேதான் கிளைவ் முகாம் போட்டு, ஸ்ரீரங்கம் தீவில் இருந்த பிரெஞ்சுப் படைக்கு வடக்கிலிருந்து உணவும் உதவியும் போகாமல் தடுத்தார். ஓர் இரவு எதிரிகள் முகாமுக்குள்ளேயே புகுந்துவிட, மயிரிழையில் உயிர் தப்பினார். ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

இந்த வேகத்தை எல்லோரும் வீரம் என்றார்கள். அது வீரமா, நோயின் ஏறுமுகமா என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இறந்தவருக்கு நோய் கண்டறிய வழியில்லை. ஆனால் இந்த நோயில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். ‘மேனியா’ எனும் ஏறுமுகத்தில் தூக்கம் குறையும், பேச்சு கூடும், பணம் தண்ணீராய்ச் செலவாகும், எதற்கும் பயம் இருக்காது. லேசான அளவில் இருந்தால் ‘ஆள் செம சுறுசுறுப்பு’ என்று சுற்றி இருப்பவர்கள் பாராட்டவே செய்வார்கள். சோர்வு வரும்போதுதான் டாக்டரிடம் போவார்கள். ஏறுமுகம் பற்றிச் சொல்லாமல் விட்டால், வெறும் மனச்சோர்வு என்றே சிகிச்சை தொடங்கிவிடும். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பவும் வாய்ப்புண்டு.

அபின்தான் மருந்து

1757 பிளாசி, 1765 திவானி உரிமை என உச்சிக்குப் போன கிளைவ், உடலும் மனமும் உடைந்து 1767-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1772, 73-ல் அவர் சேர்த்த சொத்து பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரித்தது. கடைசியில் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்றே தீர்மானம் போட்டது. ஆனாலும் அவர் தேறவில்லை. வயிற்று வலிக்கும் மன வேதனைக்கும் அவரிடம் இருந்தது அபின் மட்டுமே. 1774 நவம்பர் 22 அன்று லண்டன் வீட்டில், 49 வயதில் இறந்தார். தற்கொலை என்பதே பரவலான கருத்து. அபின் அளவு மீறியது என்போரும் உண்டு. சொந்த ஊர்ப் பக்கத்துத் தேவாலயத்தில், பெயர்கூடப் பொறிக்காமல் புதைத்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வங்காளத்தில் நடந்த சுரண்டலுக்கு நோய் காரணமல்ல, சாக்கும் அல்ல. பைபோலார் உள்ளவர்களில் ஆகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாமல் வேலை, குடும்பம் என்று வாழ்கிறவர்கள்.

இப்போ என்ன சிகிச்சை?

கிளைவ் இறந்து 175 ஆண்டு கழித்து, 1949-ல், ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற சாதாரண உப்பு மேனியாவைத் தணிப்பதைக் கண்டறிந்தார். இன்றும் முக்கிய மருந்து அதுதான். ஏற்ற இறக்கம் திரும்ப வருவதையும் தற்கொலை ஆபத்தையும் அது குறைக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றை அவ்வப்போது பரிசோதிக்கணும். வால்ப்ரோயேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் அது கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுவது அவசியம். மருந்தோடு மனநல ஆலோசனையும் நேரத்துக்குத் தூக்கமும் வேணும்.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்துவது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் மாதிரி இதுவும் நீண்டகாலம் கவனிக்க வேண்டிய நோய். திடீரென நிறுத்தினால் திரும்ப வரும் ஆபத்து அதிகம். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொண்டால், பாதி பாரம் குறையும்.

திருச்சிக்காரர்களுக்கு புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மன்னார்புரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். தற்கொலை எண்ணம் வந்தால் 104 அல்லது டெலி-மானஸ் 14416 எண்ணுக்கு உடனே அழைக்கலாம். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.