ஓமக்குளத்து ஒளிவிளக்கு: சுவாமி சகஜானந்தர்

தில்லை எனப் போற்றப்பெறும் சிதம்பரம், கூத்தப்பெருமான் திருக்கோயிலால் உலகறிந்த ஊராகும். அவ்வூரின் ஓமக்குளப் பகுதிக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடம் அதுவே என மரபுவழிக் கூறுவர். அதே இடத்தில், நந்தனாரின் வழிவந்த பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றுத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்னும் வேட்கையோடு ஒரு துறவி வாழ்ந்தார். அவரே சுவாமி சகஜானந்தர். கடலூர் மாவட்டத்து எளிய மக்கள் இன்றும் தம் குடும்பத்துப் பெரியவரைப் போல நினைந்து போற்றும் அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டுச் சிறிது காண்போம்.

சகஜானந்தர் 27.1.1890 அன்று ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்துவ மறைப்பணியாளர் நடத்திய பள்ளியில் பயின்றார். கல்வியில் சிறந்து விளங்கியும், மதம் மாற இசையாமையால் அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது என அவர்தம் வரலாறு கூறுகின்றது. குடும்பம் பிழைப்பு நாடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அங்கு அவருள்ளம் ஆன்மிகத்தில் தோய்ந்தது. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து தொண்டு செய்தார். முனுசாமி சகஜானந்தர் ஆனது அவ்வாசிரியரிடத்தே ஆகும். ஒரு நல்லாசிரியரின் அன்பு எத்தகைய மாற்றத்தைச் செய்யும் என்பதை அவர் நூலில் படித்தறிந்தவர் அல்லர். தம் வாழ்விலேயே கண்டுணர்ந்தவர்.

1910-ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராக, அவர் சிதம்பரத்தை அடைந்தார். அந்நகரில் கல்விக்கு நெடிய மரபு உண்டு. ஆறுமுக நாவலர் 1864-இலேயே அங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். ஆயினும் சுற்றுப்புறச் சேரிகளில் வாழ்ந்த உழவுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாக்கனியாகவே இருந்தது. பொழுது விடிந்தால் பண்ணைக்கு மாடு மேய்க்கச் செல்ல வேண்டிய சிறுவனைப் பள்ளிக்கு அழைத்து வருவது எளிய செயலன்று. அவனுக்குச் சோறு வேண்டும், உடை வேண்டும், தங்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உன்னாலும் படிக்க முடியும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவராகச் சகஜானந்தர் முன்வந்தார்.

1916-இல் நந்தனார் கல்விக் கழகம் தோன்றியது. சில பிள்ளைகளுடன் தொடங்கிய பள்ளி மெல்ல மெல்ல வளர்ந்தது; விடுதியும் உடன் வளர்ந்தது. காவியுடுத்த அவர் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். கேட்கக் கூசாத கையும், தமக்கென வைத்துக்கொள்ளாத மனமும் இருந்தமையால்தான் அப்பணி நிலைபெற்றது. காலத்தை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது 1929-இல். உயர்கல்வி அவ்வூர் வாயிலுக்கு வந்தபோது, அதன் படியேறுதற்கு ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளையும் ஆயத்தம் செய்யும் பள்ளி ஒன்று அதற்கு முன்பே அங்கு இருந்தது.

பள்ளியோடு அவர் தொண்டு நின்றுவிடவில்லை. 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக இறுதிவரை அவ்வவையில் பணியாற்றினார். 1952, 1957 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களில் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றார். குடியிருக்க மனை, உழுவதற்கு நிலம், படிப்பதற்கு உதவித்தொகை, கோயிலுள் நுழையும் உரிமை ஆகியவற்றுக்காக ஓயாது குரல் கொடுத்தார். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் நிறைவேறியமை நாம் அறிந்ததே. சைவநெறியில் நின்றுகொண்டே அவர் உரிமை கேட்டார். அந்நெறியை விட்டு வெளியேறுவதே விடுதலை எனக் கருதியோரும் அக்காலத்தில் இருந்தனர். வழி பற்றி வேறுபட்டோரும் அவர் ஆற்றிய கல்விப்பணியை மறுத்தற்கில்லை.

1.5.1959 அன்று, தம் அறுபத்தொன்பதாம் வயதில், சகஜானந்தர் மறைந்தார். இல்லறம் மேற்கொள்ளாத அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் தந்தையை இழந்ததாக உணர்ந்த இல்லங்கள் பல. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் நிழலில் பயின்றோர், ஊருக்குத் திரும்பித் தம் தெருவின் முதற் கடிதத்தைப் படித்துக் காட்டியோராகவும், முதல் மனுவை எழுதிக் கொடுத்தோராகவும் விளங்கினர். இத்தகையோரின் துயரம் ஒரு நாள் அழுகையில் அடங்குவதன்று. அவர் விட்ட பணியைத் தொடர்வதே அத்துயருக்கு ஆறுதலாயிற்று. நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் அரசுப் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன. அவருக்கு மணிமண்டபமும் எழுப்பப்பெற்றுள்ளது.

ஒரு சமுதாயம் கல்வியால் எழுவதன் அருமையை நாம் நன்கு அறிவோம். 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக் கல்லூரியும் எழுந்தபோது, வள்ளல்களின் கொடையும் பெரியோர்களின் அலைச்சலும் அவற்றின் அடித்தளத்தில் கலந்திருந்தன. தம் தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர் பலர் நம்மிடையேயும் உள்ளனர். ஆதலின் சகஜானந்தரின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

மறைந்த ஆசானுக்கு மலர் தூவுதல் எளிது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட ஒரு பிள்ளையின் வீட்டைத் தேடிச் சென்று, அவனை மீண்டும் வகுப்பில் அமர்த்துதல் அரிது. சகஜானந்தர் வாழ்நாள் முழுதும் செய்தது அவ்வரிய செயலையே. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் அதனைச் செய்வோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.