வாரம் ஒரு மாத்திரை... பின்னால் ஒரு மெட்ராஸ் மருத்துவ மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரில் மூட்டுவாதம், லூபஸ் மாதிரியான நோய்களைப் பார்க்க நோயெதிர்ப்பியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. இந்த நோய்களுக்கு எந்த ஊர் டாக்டர் எழுதும் சீட்டிலும் இரண்டு மாத்திரைகள் அடிக்கடி ஜோடியாக வரும். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், இன்னொன்று ஃபோலிக் அமிலம். முதல் மாத்திரை, இரண்டாவதின் வேலையைத் தடுக்கக்கூடியது. ஆனாலும் இரண்டும் ஒரே சீட்டில் இருக்கும்.

இந்த இரண்டையும் உருவாக்கியது ஒரே ஆய்வகம். அதை வழிநடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாவது முயற்சியில் பாஸ்!

1895 ஜனவரி 12-ல், அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். சிறுவனாக இருந்தபோது, காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி, அதன்பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் அங்கி போட்டுப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். அரசு மருத்துவப் பணியும் கிடைக்கல. மெட்ராஸில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தார்.

வீட்டில் விழுந்த இடி

படிப்புக் காலத்திலேயே அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் ஸ்ப்ரூ. சாப்பிடும் சத்தைக் குடல் உறிஞ்சாமல், வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக உடம்பு உருகிப்போகும் நோய் அது. சுப்பாராவுக்கும் அது வந்தது, பிழைத்துக்கொண்டார். இதற்கு மருந்து கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை.

1920களின் தொடக்கத்தில் மாமனாரின் உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவி அப்போது கர்ப்பம். பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அதன்பிறகு அவர் ஊர் திரும்பவும் இல்லை.

பாஸ்டனில் பகலில் ஹார்வர்டில் படிப்பு, செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அங்கே சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் உருவாக்கினார். செல்களின் எரிபொருளான ஏடிபியைத் தசையில் 1929-ல் கண்டறிந்தவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. அதே ஆண்டு ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போயிட்டார்.

வைட்டமினும் அதன் எதிரியும்

1930களிலேயே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டில் அதைக் குணமாக்கும் ஏதோ ஒரு பொருள் இருப்பதைக் காட்டியிருந்தார். அதுதான் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழு 1945-ல் அதைச் செயற்கையாகவே தயாரித்தது. ஸ்ப்ரூவால் வரும் ரத்தசோகைக்கு அது மருந்தானது. சகோதரர்கள் இறந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அடுத்த திருப்பம் பாஸ்டனில். குழந்தைகள் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இந்த வகை வைட்டமினைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகத் தெரிந்தது. அப்போ, வைட்டமினைத் தடுத்தால்? லெடர்லி குழு அமினோப்டெரின் என்ற போலி ஃபோலிக் அமிலத்தைச் செய்து கொடுத்தது. 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட முடிவில், 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்திருந்தது. இதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

லூபஸுக்கு எப்படி வந்தது?

நம் நோய் எதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது சைட்டோகைன் என்ற புரதங்கள் மூலமாகத்தான். வைரஸ் நுழைந்தால் இன்டர்ஃபெரான் சைரன் மாதிரி ஒலிக்கும். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்றவை வீக்கத்தைக் கிளப்பும். லூபஸில் பலருக்கு, வைரஸே இல்லாமல் அந்த சைரன் ஒலித்துக்கொண்டே இருக்கும். விளைவு, சொந்தத் தோல், மூட்டு, சிறுநீரகத்தையே உடம்பு தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம்.

1951-ல் அமினோப்டெரின் மூட்டுவாதத்தையும் சொரியாசிஸையும் தணிப்பதை அமெரிக்க மருத்துவர்கள் கவனித்தார்கள். பிறகு, புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில் மெத்தோட்ரெக்ஸேட் பயன்பாட்டுக்கு வந்தது. 1988-ல் மூட்டுவாதத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இந்தக் குறைந்த அளவில் அது செல்களைக் கொல்வதில்லை. அடினோசின் என்ற பொருளைச் சுரக்கவைத்து, டிஎன்எஃப் போன்ற புரதங்களின் கூச்சலைக் குறைக்கிறது என்பதே முக்கியமான விளக்கம். லூபஸில் அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மூட்டுவலியும் தோல் பாதிப்பும் அதற்கு அடங்காதபோது மெத்தோட்ரெக்ஸேட் துணைக்கு வருகிறது. கூடவே ஃபோலிக் அமிலம் ஏன்? வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு போன்றவற்றைக் குறைக்கத்தான். வீக்கத்தைத் தணிக்கும் பலன் அதனால் பெரிதாகக் குறைவதில்லை.

இன்டர்ஃபெரானின் வாசலையே அடைக்கும் அனிஃப்ரோலுமாப் 2021-ல் வந்துவிட்டது. ஆனா அதன் விலை எல்லாருக்கும் எட்டாது. பழைய மெத்தோட்ரெக்ஸேட் இன்னமும் மலிவு.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த நோய்களுக்கு இது வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரிக்கு இன்னொரு கடன்

யானைக்கால் நோய் புதுச்சேரிக்குப் புதுசு இல்லை. அதற்கான டிஇசி மாத்திரையும் 1947-ல் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. நோபலும் கிடைக்கல. 1995-ல் நூற்றாண்டுக்கு இந்தியா ஒரு தபால்தலை வெளியிட்டது. மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்தைத் தணிக்கும் என்பதை அவர் உயிரோடு இருந்து பார்க்கவில்லை. ஸ்ப்ரூவுக்காகத் தேடிய வைட்டமினும், அதைத் தடுக்கச் செய்த மருந்தும் இன்றைக்கும் ஒரே சீட்டில்தான் எழுதப்படுகின்றன.